‘பானி’ என்றால் தண்ணீர் இல்லை

காலை ஆறரை மணி. பிரஷில் பேஸ்ட்டை வைத்துக்கொண்டு குழாயைத் திறந்தேன். இரண்டு முறை செருமியது. துரு நிறத்தில் ஒரு சொட்டு விழுந்தது. அதோடு சரி.

பிரஷைப் பிடித்தபடியே மாடிப்படி இறங்கினேன். வீட்டுக்கார அம்மாள் முற்றத்தில் குரோட்டன் செடிகளுக்கு நடுவே நின்று காபி குடித்துக்கொண்டிருந்தார். என் கோலத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. “பா நி த்லோ, மிஸ்யே” என்றார்.

எனக்குப் பிரெஞ்சு ஒப்பேற்றும் அளவுக்கு வரும். கரீபியன் கடலில் இருக்கும் இந்தக் குவாதலூப் தீவின் கிரியோல் மொழி வராது. இந்தி, நொய்டாவில் இரண்டு வருடம் குப்பை கொட்டிய அளவுக்கு வரும். அரைத்தூக்கத்தில் என் காதில் விழுந்தது ‘பானி’ மட்டும்தான். அட, இங்கேயும் பானியா என்று மகிழ்ந்துபோய், “உய், உய், பானி!” என்று பிரஷை ஆட்டினேன். அவரும் கையை விரித்து “பா நி, பா நி” என்றார். இப்படியே ஒரு நிமிடம் போயிற்று. நான் தண்ணீர், தண்ணீர் என்கிறேன். அவர் இல்லை, இல்லை என்கிறார். இரண்டு பேருமே சரியாகத்தான் பேசிக்கொண்டிருந்தோம். ‘பா நி’ என்றால் அவர்கள் மொழியில் ‘இல்லை’. தண்ணீருக்கு ‘த்லோ’.

இது நடந்தது காபெஸ்தெர்-பெல்-ஓ என்ற ஊரில். ‘பெல்-ஓ’ என்றால் அழகிய நீர். தீவுக்கே பழங்குடிகள் வைத்த பெயர் காருகேரா. ‘அழகிய நீரின் தீவு’ என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். எந்தச் சுற்றுலாக் கையேட்டைத் திறந்தாலும் முதல் பக்கத்தில் அந்த வரி இருக்கும். ஆக, அழகிய நீரின் தீவில், அழகிய நீர் என்ற ஊரில், வாய் கொப்பளிக்க ஒரு சொம்புத் தண்ணீர் இல்லாமல் நின்றுகொண்டிருந்தேன்.

மேலே போய் மனைவியிடம் சொன்னேன். அவள் வேளச்சேரிக்காரி. போர்வையை விலக்காமலே, “ராத்திரியே பக்கெட்டைப் பிடிச்சு வெச்சிருக்கணும்ங்க. குழாய் இரைகிற சத்தத்தைக் கேட்டாலே தெரியாதா?” என்றாள்.

பாரிஸிலிருந்து எட்டரை மணி நேர விமானம். நாங்கள் பிரான்சில் வசிப்பதால் வதிவிட அட்டை கைகொடுத்தது. இந்தியாவிலிருந்து வருபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குவாதலூப் பிரான்சின் ஒரு மாவட்டம், செலவாணி யூரோ, தபால் பெட்டிகூட அதே மஞ்சள் நிறம். ஆனால் சாதாரண ஷெங்கன் விசா இங்கே செல்லாது. கடல்கடந்த பகுதிகளுக்கென்று தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

வரைபடத்தில் பார்த்தால் சிறகு விரித்த பட்டாம்பூச்சி. கிழக்குச் சிறகின் பெயர் கிராந்த்-தெர், அதாவது பெரிய நிலம். மேற்குச் சிறகு பாஸ்-தெர், தாழ்ந்த நிலம். இரண்டும் பொய். பெரிய நிலம்தான் பரப்பில் சிறியது. தாழ்ந்த நிலத்தில்தான் எரிமலை நிற்கிறது. பெயர் வைத்தவர்கள் மாலுமிகள். காற்று மறைவாக இருக்கும் கரை அவர்களுக்குத் ‘தாழ்ந்தது’, காற்றை முகத்தில் வாங்கும் கரை ‘காபெஸ்தெர்’. கரையில் இறங்கி உயரத்தை அளந்து பார்க்கிற அவசரம் அவர்களுக்கு இல்லை. கிராந்த்-தெர் தட்டையான சுண்ணாம்புப் பூமி: கரும்பு, வெள்ளை மணல், ஓட்டல்கள். பாஸ்-தெர் மலையும் காடும் ஆறும். ஊர் உலகமெல்லாம் முதலாவதற்குப் போகும்போது நாங்கள் இரண்டாவதில் அறை எடுத்தோம். வாடகை பாதி. காரணம் அதுதான், ரசனை இல்லை.

வீட்டுக்கார அம்மாளுக்கு அறுபதுக்குக் கொஞ்சம் கீழே இருக்கும். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டின் பின்பக்கம் மூன்று நீல நிற டிரம்கள், கூரையிலிருந்து மழைநீர் இறங்க ஒரு தகரக் குழாய், மூடி போட்ட பக்கெட்டுகள் வரிசையாக. குடிக்க பாட்டில் தண்ணீர், சமையலுக்கு இந்த டிரம், கழிப்பறைக்கு அந்த டிரம் என்று எங்களுக்குப் பாடம் எடுத்தார். வகுப்பு முடிவதற்குள் என் மனைவி சொம்பை எங்கே வைப்பது என்று அவருக்கே யோசனை சொல்ல ஆரம்பித்துவிட்டாள். ஒருத்திக்குக் கிரியோலும் இன்னொருத்திக்குத் தமிழும்தான் சரளம். பக்கெட்டைப் பற்றிப் பேச அதுவே போதுமானதாக இருந்தது.

வானம் பார்த்த பூமியில் தண்ணீர் இல்லை என்றால் புரியும். இங்கே எரிமலை உச்சியில் ஆண்டுக்குப் பத்து மீட்டர் அளவுக்கு மழை கொட்டுகிறது. சிரபுஞ்சிக்கு அருகில் வருகிற கணக்கு. பெய்கிற தண்ணீர் குழாய்க்குள்ளும் போகத்தான் செய்கிறது, வீட்டுக்குத்தான் வந்து சேருவதில்லை. நிலத்தடிக் குழாய்கள் பல பத்தாண்டுப் பழசு. உள்ளே விடுகிற தண்ணீரில் பாதிக்கு மேல் வழியிலேயே ஒழுகிப் போகிறது. மலையில் எடுக்கிற தண்ணீரை நீண்ட குழாய்களில் கிராந்த்-தெர் பக்கமும் அனுப்பியாக வேண்டும். அதனால் முறை வைத்து விடுகிறார்கள்: இந்தத் தெருவுக்கு இன்று, அந்தத் தெருவுக்கு நாளை. “எங்கள் மலையில் பிறந்த தண்ணீர், எங்கள் ரோட்டுக்கு அடியிலேயே ஓடி, அந்தப் பக்க ஓட்டல் நீச்சல் குளத்துக்குப் போகிறது” என்றார் அம்மாள். ஓட்டல்காரரைக் கேட்டால் அவர் வேறு கதை சொல்வார். இந்த வசனத்தை நான் தமிழிலும் கேட்டிருக்கிறேன், மாவட்டப் பெயர்தான் வேறு.

அன்றைக்கு நேராகக் கார்பே அருவிக்குப் போனோம். குளிக்காமல் அருவி பார்க்கப் போவதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. கார்பே மூன்று அருவிகளின் கூட்டம். நடுவில் உள்ளதுதான் சுலபம். கார் நிறுத்துமிடத்திலிருந்து இருபது நிமிட நடை. 110 மீட்டர் உயரத்திலிருந்து ஒரே வீச்சாக விழுகிறது. 2004 நவம்பரில் இந்தப் பகுதியில் நிலநடுக்கம் வந்த பிறகு பாறை சரியும் அபாயம் என்று அடிவாரத்துக்கு விடுவதில்லை. மேடையில் நின்று பார்த்துக்கொள்ளலாம், நனைய முடியாது. 1493 நவம்பரில் கொலம்பஸின் கப்பல்கள் இந்தக் கரைக்கு வந்தபோது, கடலில் இருந்தே இந்த அருவியைப் பார்த்திருக்கிறார்கள். தூரத்தில் தெரிவது வெள்ளைப் பாறையா தண்ணீரா என்று கப்பலில் பந்தயமே நடந்ததாக உடன் வந்த மருத்துவர் எழுதி வைத்திருக்கிறார். ஐந்நூறு வருடம் கழித்து நாங்களும் அதே தூரத்து தரிசனத்தோடு திரும்பினோம். எக்ரெவிஸ் என்னும் சின்ன அருவிக்கு மறுநாள் போய் ஆசை தீரக் குளித்தோம். சாலையிலிருந்து ஐந்து நிமிடம்தான்; அதனால் கூட்டம். சோப்பு எடுத்துப் போகலாமா என்று மனைவி கேட்டாள். தேசியப் பூங்கா என்று சொல்லித் தடுத்தேன்.

அந்தப் பூங்காவின் சின்னம் ரக்கூன். இந்தத் தீவுக்கே உரிய தனி இனம் என்று வெகுகாலம் நம்பியிருக்கிறார்கள். பிறகு ஆராய்ந்து பார்த்தால், எவரோ வட அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து விட்ட சாதாரண ரக்கூன். எங்கள் அறைக்குப் பின்னால் குப்பைத் தொட்டியை உருட்டியதும் அதே வம்சம்தான்.

இனி எரிமலை. பெயர் சூஃப்ரியேர், உயரம் 1,467 மீட்டர். ஊர்க்காரர்கள் ‘கிழவி’ என்கிறார்கள். “கிழவி இன்றைக்கு முகத்தைக் காட்டுகிறாளா?” என்று காலையில் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது வழக்கம். நாங்கள் இருந்த ஒன்பது நாளில் அவள் காட்டியது மொத்தம் இருபது நிமிடம் இருக்கும்.

‘மஞ்சள் குளியல்’ என்று பெயர் கொண்ட இடத்தில் காரை விட்டுவிட்டு நடக்கத் தொடங்கினோம். முதல் அரை மணி நேரம் கல் பாவிய காட்டுப் பாதை. மரங்களில் பாசி தாடி போலத் தொங்குகிறது. எல்லாமே சொட்டுகிறது: இலை, கிளை, எங்கள் மூக்கு நுனி. அப்புறம் சட்டென்று மரங்கள் நின்றுவிடுகின்றன. முழங்கால் உயரப் புதர், மஞ்சள் பூ வைத்த அன்னாசி போன்ற ஒரு செடி, அதற்கு மேல் மேகம். மேகம் என்றால் தலைக்கு மேலே இருப்பதில்லை, வாய்க்குள் இருப்பது. முன்னால் போகும் மனைவியின் சிவப்பு மழைக்கோட்டு பத்தடியில் ரோஸ் நிறமாகி, இருபதடியில் இல்லாமல் போனது. பாதை மலையைச் சுற்றிச் சுற்றி ஏறுகிறது. சில இடங்களில் கையையும் ஊன்ற வேண்டும். காற்று ஒரு பக்கமாகத் தள்ள, நான் மறுபக்கமாகச் சாய்ந்து நடக்க, காற்று திடீரென்று நின்றதும் சகதியில் உட்கார்ந்தேன். எங்களைக் கடந்து எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் ரப்பர் செருப்போடு, கையில் ஒரு வாழைப்பழத்தோடு இறங்கிப் போனார். “போன்ஜூர்” என்றார். இங்கே போன்ஜூர் சொல்லாமல் யாரையும் கடக்கக் கூடாது. கடைக்குள் நுழைந்து போன்ஜூர் சொல்லாமல் விலை கேட்டால் பதிலே வராது.

உச்சி வந்ததை மூக்குதான் சொன்னது. தீபாவளி மறுநாள் தெருவில் இருக்கும் நெடி, அதோடு அழுகிய முட்டை. கண்ணுக்குத் தெரியாத எங்கிருந்தோ குக்கர் விசில் அடங்காமல் போய்க்கொண்டிருக்கிற மாதிரி சத்தம். வாயு ஆபத்தானது என்பதால் சில பிளவுகளின் பக்கம் வேலி போட்டிருக்கிறார்கள். காட்சி என்று எதுவும் இல்லை. உச்சியில் பலகை இருந்தது, அதைப் படம் எடுத்தோம். வெயில் நாளில் இங்கிருந்து மூன்று தீவுகள் தெரியும் என்று பக்கத்தில் நின்ற ஒரு பையன் ஆறுதல் சொன்னான். இரண்டரை மணி நேரம் ஏறி வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டு வந்ததில் எனக்கு வருத்தம் இல்லை. இந்தத் தீவின் தண்ணீர் எங்கே உற்பத்தியாகிறது என்று பார்த்துவிட்டேன். தொழிற்சாலைக்கு உள்ளேயே நின்றேன்.

இறங்கி வந்து மஞ்சள் குளியலில் விழுந்தோம். எரிமலைச் சூட்டில் வெதுவெதுவென்று வரும் ஊற்று, ஒரு சிமெண்ட் தொட்டி, அவ்வளவுதான். ஊர்க்காரர்கள் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து விலைவாசி பேசுகிறார்கள்.

அன்று இரவு அம்மாள் 1976 பற்றிச் சொன்னார். அப்போது அவருக்கு ஒன்பது வயது. எரிமலையின் மடியிலுள்ள சேன்-குளோது ஊரில் வீடு. ஜூலையில் கிழவி புகையும் சாம்பலும் கக்க ஆரம்பித்தாள். பட்டப்பகலில் இருட்டு. ஆகஸ்டில் எழுபதாயிரம் பேரைக் காலி செய்யச் சொன்னது அரசு. பெரிய வெடிப்பு வரும் என்று ஒரு விஞ்ஞானிக் கூட்டம். குளோத் அலேக்ர் அந்தப் பக்கம். வராது, அனாவசியப் பீதி என்று எரிமலை நிபுணர் ஆரூன் தாசியெஃப். இருவரும் பத்திரிகைகளில் சண்டை போட்டுக்கொண்டிருக்க, இவர்கள் கிராந்த்-தெரில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் நான்கு குடும்பமாகப் படுத்துக்கிடந்தார்கள். மாதங்கள் கழிந்தன. கடைசியில் பெரிதாக எதுவும் வெடிக்கவில்லை, ஒருவரும் சாகவில்லை. திரும்பி வந்தபோது ஆடு, கோழி, தோட்டம் எதுவும் இல்லை. பலர் திரும்பவே இல்லை. கடைகளும் அலுவலகங்களும் மறு சிறகுக்குப் போனவை போனவைதான். “அந்தப் பள்ளிக்கூடத்தில் தண்ணீர் வந்ததா?” என்று கேட்டேன். “அங்கேதான் முதல்முதலாக வரிசையில் நின்றேன்” என்றார்.

கடலைப் பற்றிச் சொல்லாவிட்டால் கரீபியன் கட்டுரை என்று யாரும் நம்ப மாட்டார்கள். எங்கள் ஊர்க் கடற்கரையில் கொலம்பஸ் இறங்கியதாகச் சொல்லும் சேன்-மரிக்குப் போனோம். ஏப்ரல் மாதம், சர்காசம் பாசி மெத்தை மெத்தையாக ஒதுங்கி, அழுகி, வெயிலில் எரிமலைக்குப் போட்டியாக நாறிக்கொண்டிருந்தது. 2011-இல் இருந்து இது ஏறக்குறைய ஆண்டுதோறும் வருகிறதாம். போஸ்டரில் இருக்கும் கடல் வேண்டும் என்றால் லே சேந்த் தீவுகளுக்குப் படகு ஏற வேண்டும். துருவா-ரிவியேரிலிருந்து இருபது நிமிடம். இருபது நிமிடமும் மனைவி பையில் முகத்தைப் புதைத்திருந்தாள். நீலம், மணல், சின்னக் கோட்டை, ‘காதல் வேதனை’ என்று பெயர் வைத்த தேங்காய் இனிப்புப் பணியாரம் – நன்றாகத்தான் இருந்தது. திரும்பும்போதும் அதே இருபது நிமிடம்.

என்னை உறுத்திக்கொண்டிருந்தது வேறு. அம்மாள் வீட்டுப் பின்னால் கால் ஏக்கர் தோட்டம், கருகருவென்ற மண். ஈரப்பலா காய்க்கிறது, எலுமிச்சை காய்க்கிறது. ஆனால் சேப்பங்கிழங்கும் வள்ளிக்கிழங்கும் சந்தையில் வாங்குகிறார். கேட்டதற்கு மண்ணைக் காலால் தட்டிக் காட்டினார். முன்பு இது வாழைத்தோட்டம். வாழைக்கிழங்கைத் துளைக்கும் வண்டுக்காக 1972 முதல் 1993 வரை இங்கே குளோர்தெக்கோன் என்ற பூச்சிமருந்தைப் போட்டார்கள். பிரான்சில் 1990-இலேயே தடை. இங்கே தோட்ட முதலாளிகளுக்காக இன்னும் மூன்று வருடம் அனுமதி. அது மண்ணை விட்டுப் போக நூற்றாண்டுகள்கூட ஆகலாம். மண்ணுக்குள் வளரும் கிழங்கு அதை இழுத்துக்கொள்ளும். மரத்தில் காய்ப்பது தப்பிவிடும். ஆற்றில் இறங்கி, கடலில் கலந்து, சில கரைகளில் மீன்பிடிக்கவே தடை. தீவின் பெரியவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் இரத்தத்தில் அதன் சுவடு இருக்கிறது. 2023 ஜனவரியில் பாரிஸ் நீதிபதிகள் யார் மீதும் குற்றம் சாட்டாமல் விசாரணையை மூடினார்கள். தொட்டியில், விலைக்கு வாங்கிய மண்ணில், அம்மாள் நான்கே நான்கு கேரட் வளர்க்கிறார். அதற்கு மழைநீர் மட்டும்தான்.

கிளம்புவதற்கு முந்தின நாள் ஷாஞ்சி என்ற இடத்திலுள்ள இந்துக் கோயிலுக்குப் போனோம். காரில் பத்து நிமிடம்; சாலையோரமாகவே வண்ணச் சிலைகள் தெரிகின்றன. மதிய உணவுக்கு ஆட்டுக்கறி ‘கொலொம்போ’ சாப்பிட்டிருந்தோம். தீவின் தேசிய உணவுகளில் ஒன்று அது: மஞ்சள், மல்லி, வெந்தயம், கடுகு, சீரகம் எல்லாம் போட்டுக் கொதிக்க வைத்தது. பெயர் கொழும்பிலிருந்து வந்தது என்பார்கள்; குழம்பிலிருந்து வந்தது என்றும் சொல்வார்கள். வாயில் வைத்ததும் நான் இரண்டாவது கட்சியில் சேர்ந்துவிட்டேன், காரம் போதாது என்ற குறிப்போடு.

1848-இல் அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1854 டிசம்பர் 24 அன்று ‘ஒரேலி’ என்ற கப்பல் இந்தியாவிலிருந்து முதல் தொகுதியை இறக்கியது. 1889 வரை சுமார் 42,000 பேர் – புதுச்சேரி, காரைக்கால், சென்னைத் துறைமுகங்களிலிருந்து ஏறியவர்கள் நிறைய. பெரும்பாலோர் திரும்பவில்லை. அவர்களின் பிள்ளைகளுக்கு ஓட்டுரிமை கிடையாது என்று அதிகாரிகள் சொன்னபோது, இதே காபெஸ்தெரில் பிறந்த ஆன்ரி சிதம்பரம் 1904-இல் வழக்கைக் கையில் எடுத்து, 1923 வரை விடாமல் போராடி வாங்கிக் கொடுத்தார்.

கோயிலில் ஒரு பெரியவர் பெருக்கிக்கொண்டிருந்தார். கறுத்த மெலிந்த முகம்; திருவாரூர் பேருந்து நிலையத்தில் உட்கார வைத்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. நாங்கள் தமிழர்கள், நீங்களும் தமிழர்தானே, எந்த ஊர்க் குடும்பம் என்று பிரெஞ்சில் கொட்டினேன். அவர் துடைப்பத்தைச் சாய்த்து வைத்தார்.

“நான் காபெஸ்தெர்” என்றார். “நீங்கள் எந்த ஊர்?”

நியாயமான கேள்வி. சொன்னேன். கும்பிடலாமா என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “இன்றைக்கு என்ன சாப்பிட்டீர்கள்?” என்றார்.

“கொலொம்போ.”

“கறியா?”

“ஆடு.”

“அப்படியானால் உள்ளே வர முடியாது” என்றார், கொஞ்சமும் கோபமில்லாமல். சடங்கு என்றால் நாள் கணக்கில் விரதம் இருந்த பிறகுதான் மாலியேமேனின் முன்னால் நிற்பார்களாம். மாரியம்மனை அப்படித்தான் அழைக்கிறார்கள். மதுரைவீரன் இங்கே மல்தெவிலேன். ஆக, மாரியம்மன் கோயில் வாசலில், தமிழ்நாட்டிலிருந்து வந்த தமிழன் தீட்டு என்று வெளியே நின்றேன். என் மனைவிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

வெளியே மர நிழலில் உட்காரச் சொல்லி, பாடட்டுமா என்று அவரே கேட்டார். பாட்டனிடம் கற்றது. குரலில் உடுக்கையடிக் கதைப்பாட்டின் இழுப்பு. அம்மா என்ற சொல் பிடிபட்டது, தாயே பிடிபட்டது, ஏதோ ஒரு இடத்தில் மழை மாதிரி கேட்டது. மற்றதெல்லாம் நூற்றைம்பது வருடமாக நாவிலிருந்து நாவுக்குக் கைமாறி வழவழப்பாகிவிட்ட ஒலிகள். முடித்துவிட்டு, “என்ன அர்த்தம்?” என்று என்னைக் கேட்டார். எனக்கும் தெரியவில்லை என்றேன். தெரிந்த மாதிரி ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று காரில் வரும்போது தோன்றியது. சொல்லாததே நல்லது என்று மனைவி சொன்னாள். அவருடைய பாட்டு அவருக்குத் தெரியும், நாம் என்ன திருத்துவது?

கடைசி நாள். விமானம் மாலையில். விடிகாலை நான்கு மணி இருக்கும், சின்னஞ்சிறு தவளைகள் இரவெல்லாம் விசிலடித்து ஓய்ந்திருந்த நேரம். குளியலறையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். நான் விழிப்பதற்குள் மனைவி எழுந்துவிட்டாள். குழாய் இருமியது, துப்பியது, அப்புறம் மடமடவென்று கொட்டத் தொடங்கியது. தெரு முழுக்க விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. பாத்திரம் உருளும் சத்தம். கீழே அம்மாள் இரவு உடையோடு டிரம்மின் மூடியைத் திறந்துகொண்டிருந்தார்.

இன்னும் சில மணி நேரத்தில் கிளம்பப் போகிறோம், எங்களுக்கு எதற்குத் தண்ணீர் என்று கேட்டேன். யாரும் காதில் வாங்கவில்லை. என் கையில் ஒரு பக்கெட்டைத் திணித்தார்கள். மூன்று டிரம்மும் நிரம்பும் வரை மூன்று பேரும் படி ஏறி இறங்கினோம். அடுத்த வீட்டிலிருந்து யாரோ குரல் கொடுத்துக் கேட்க, அம்மாள் சுவருக்கு மேலே எக்கி, தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்:

“நி த்லோ! நி த்லோ!”